கேட்காமல் இறங்கியவர்

எழுபதுகளில் திருச்சியில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என்னைப் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டதில்லை. "மேட்டூர்ல எத்தனை அடி?" என்றுதான் கேட்டார்கள். காய்கறிக்காரம்மா கேட்பாள். டவுன் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்பார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பட்டர் ஒருவர், காவேரித் தாயார் எப்போது எழுந்தருளப் போகிறாள், ஏதாவது சேதி உண்டோ என்று விசாரிப்பார். ஆற்றின் அளவுகளைக் குறித்து வைக்கும் ஒரு சின்ன ஆபீஸில் நான் கிளார்க். தண்ணீரை நான்தான் திறந்துவிடுகிறேன் என்பது போல எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. அதை ஒப்புக்கொண்டுதான் இதை ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்தார். சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மாவும் நானும் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் ஒரு போர்ஷன் எடுத்தோம். தங்கைக்கு அதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. கொள்ளிடத்தின் வடகரையில், பாலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வாழை போடும் குடும்பம். என்னைப் பெண் பார்க்க வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயின. என் வாய்தான் காரணம் என்பாள் அம்மா. இருக்கலாம்.

ஆபீஸ் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆற்றில் அங்கங்கே அளவுக் கல் நட்டிருப்பார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ஆள். காலையில் அவர் போய், தண்ணீர் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்த்துப் போனில் சொல்வார். நான் அதைப் பெரிய ரெஜிஸ்டரில் எழுதுவேன். மேலதிகாரி அதை வைத்துக் கணக்குப் போட்டு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று சொல்வார். அதைக் கட்டம் போட்ட தாளில் டைப் அடித்து நாலு இடத்துக்கு அனுப்புவோம். அவ்வளவுதான்.

ஆனால் போன் எல்லா நாளும் கிடைக்காது. அந்தக் காலத்து டிரங்க் லைனைப் பற்றி அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். அதற்கு நான் சேர்வதற்கு முன்பிருந்தே ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு இடத்து அளவு வராவிட்டால், நேற்றைய அளவையே பென்சிலில் எழுதி வைத்துவிட வேண்டும். சரியான அளவு வந்ததும் ரப்பரால் அழித்துவிட்டு மையில் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டம் காலியாகக் கிடந்தால் மேலே இருந்து கேள்வி வரும். பென்சிலில் இருந்தால் வராது, டைப் அடித்த தாளில் பென்சிலும் மையும் ஒன்றுதானே. "ஆறு என்ன ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டா ஓடிடப் போகுது?" என்பார் ஹெட்கிளார்க். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிவதை எல்லோரும் அறிவார்கள். தெற்கே போவது காவிரி. வயல், வாய்க்கால், ஆடிப்பெருக்கு, பூ, கற்பூரம் எல்லாம் அதற்குத்தான். வடக்கே போவது கொள்ளிடம். மிஞ்சினால்தான் அதற்குத் தண்ணீர். மிஞ்சாத காலத்தில் அது வெறும் மணல்காடு, நடுவே நாணல் மண்டிய திட்டுகள். அப்படி ஒரு திட்டில்தான் தங்கை வீட்டுக்காரர் வாழை போட்டிருந்தார். அவரோடு சேர்த்து அந்த ஊரில் ஐந்து குடும்பங்கள் அந்தத் திட்டை நம்பி இருந்தன. வண்டல் மண், போட்டது விளையும். தண்ணீர் வந்தால் எல்லாம் போகும். அது அவர்களுக்குத் தெரியாததல்ல.

அவர் வாரத்தில் நாலு நாள் வாழை இலைக்கட்டுகளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருவார். போட்டுவிட்டுத் திரும்பும்போது பத்து, பதினோரு மணிக்கு எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே வா என்றால் வரமாட்டார், காலெல்லாம் சேறு என்பார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொள்ளிடத்தில் தண்ணீர் விடுவார்களா என்று கேட்பார். நான் சொல்வதை ஒரு முறை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவார். அவர் போய்ச் சொன்ன பிறகுதான் மற்ற நாலு குடும்பமும் ஆற்றில் இறங்கும். பங்குனியில் புழுதி பறக்கும்போதும் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரும். "ஆத்துல நாய் படுத்துத் தூங்குது, நீங்க வேற" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாய்க்கு நீச்சல் தெரியும், எங்க ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். என்னோடு வேலை பார்த்தவர்கள், "உங்க மாப்பிள்ளை வந்துட்டாரு, ஆத்தைக் கேக்கறதுக்கு" என்பார்கள். கேட்காமல் அவர் ஒருநாளும் ஆற்றில் கால் வைத்ததில்லை. இதை நான் இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு எதிரே மணல்தான் கிடந்தது. ஊற்றுத் தோண்டி, அதில் கசிந்த ஒரு குடம் தண்ணீருக்குக் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டார்கள். மேட்டூர் தரை தட்டிக் கிடந்தது. ஆவணி, புரட்டாசி போயிற்று. எல்லோரும் என்னிடம் மேட்டூரைக் கேட்டார்கள், நானும் மேட்டூரைச் சொன்னேன். ஊரே மேட்டூர்தான் ஆறு என்று நினைத்துக்கொண்டிருந்தது. மேட்டூருக்குக் கீழே பவானி சேர்கிறது, நொய்யல் சேர்கிறது, கரூருக்கு இந்தப் பக்கம் அமராவதி வந்து சேர்கிறது. இவையெல்லாம் என் ரெஜிஸ்டரில் தனித்தனி வரிகள். இருந்தும் எவரும் என்னிடம் அமராவதியில் எத்தனை அடி என்று கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதிலை நானும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வருஷத்தில் பாதி நாள் அது வறண்டுதான் கிடக்கும்.

ஐப்பசியில் ஒருநாள். இரண்டு நாளாக வானம் மூடியிருந்தது. திருச்சியில் தூறல்தான். மேற்கே நல்ல மழை என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள். அன்று காலை அமராவதி லைன் கிடைக்கவே இல்லை. மூன்று முறை புக் செய்தேன். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண், அந்தப் பக்கமே லைன் செத்துக் கிடக்கிறது என்றாள். நான் ரெஜிஸ்டரை இழுத்து, முந்தின நாள் அளவைப் பார்த்து, அதையே பென்சிலில் எழுதினேன். அந்தப் பக்கம் லைன் எதனால் செத்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. புத்தூரில் கண் டாக்டரிடம் அம்மாவை அழைத்துப்போக அரைநாள் லீவு சொல்லியிருந்தேன், என் நினைவெல்லாம் அதில் இருந்தது.

பதினோரு மணிக்குத் தங்கை வீட்டுக்காரர் வந்தார். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டிருந்தார். வாழை குலை தள்ளியிருக்கிறது, காற்று வேறு வீசுகிறது, நாளைக் காலையில் திட்டுக்கு வண்டி கட்டிப்போய் மரங்களுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம், போகலாமா என்று கேட்டார். நான் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். மேட்டூர் மையில் இருந்தது, அமராவதி பென்சிலில் இருந்தது. இரண்டையும் எழுதியவள் நான்தான்.

"மேட்டூர்லயே தண்ணி இல்லை, எதைங்க விடுவாங்க? தாராளமாப் போங்க" என்றேன்.

தாராளமாப் போகலாம் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சைக்கிளைத் திருப்பினார். அரை மணி கழித்து நான் ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு அம்மாவோடு புத்தூருக்குப் போனேன். டாக்டர் அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். வெளியே மழை கொஞ்சம் வலுத்தது. காவிரியில் இனித் தண்ணீர் வரும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். நானும் சேர்ந்து பேசினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபீஸுக்குப் போனபோது ஹெட்கிளார்க் எனக்கு முன்பே வந்திருந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் ரெஜிஸ்டரில் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தந்தி. அமராவதி முந்தின நாள் விடியலிலேயே ஏறியிருக்கிறது. தந்தி சாயங்காலம் வந்திருக்கிறது. முக்கொம்பில் வந்த தண்ணீரைக் காவிரி தாங்காது என்று விடியுமுன்பே கொள்ளிடத்துப் பக்கம் திறந்துவிட்டிருந்தார்கள். கரையோர ஊர்களுக்குத் தகவல் போயிருக்கிறது, தண்டோரா போடுவார்கள் என்றார் அவர். எப்போது போயிற்று என்று கேட்டேன். போயிருக்கும் என்றார். பழைய எண்ணை அழித்த இடத்தில் புது எண்ணை மையால் எழுதி, ஊதிக் காயவைத்தார்.

சொல்லிக்கொள்ளாமல் இறங்கி ஓடினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் நின்றது. காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது கீழே புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொள்ளிடம் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. பாலம் முழுக்க ஜனம். வருஷத்தில் முதல் தண்ணீர். ஸ்ரீரங்கத்திலிருந்தும் டோல்கேட்டிலிருந்தும் நடந்தே வந்திருந்தார்கள். கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் நுரையும் சருகுமாகப் போய்க்கொண்டிருந்தது, மணல் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. பெண்கள் கைப்பிடிச் சுவரில் கற்பூரம் ஏற்றினார்கள். மஞ்சள் கலந்த அரிசியைத் தூவினார்கள். பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கிப் பார்த்தார்கள். நான் கிழக்கே பார்த்தேன். திட்டு அங்கிருந்து கண்ணில் படாது, அது தெரிந்தும் பார்த்தேன். ஒரு வயதான அம்மா என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, என் கையைப் பிடித்து ஒரு பிடி சாமந்தியை வைத்து, "நல்லபடியா வந்திருக்கா, நீயும் போடும்மா" என்றாள். போட்டேன். எதற்குப் போட்டேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொடுத்தாள், போட்டேன்.

நான் போய்ச் சேரும்போது கரையில் ஊரே நின்றது. தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரின் ஓரத்தில் நின்றாள். குழந்தைக்கு நாலு வயது, தண்ணீரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

நடந்ததைப் பிறகு கோவையாகச் சொன்னார்கள். விடிந்ததும் ஐந்து ஆண்கள் வண்டியில் முட்டுக்கொம்புகளை ஏற்றிக்கொண்டு திட்டுக்குப் போயிருக்கிறார்கள். தண்டோராக்காரன் தெருவுக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதுக்கு மேல். திட்டுக்கும் கரைக்கும் நடுவே இருந்த பள்ளத்தில்தான் தண்ணீர் முதலில் புகுந்தது. திட்டில் நின்றவர்களுக்குக் காலடியில் மணல் காய்ந்திருக்க, பின்னால் வழி அடைபட்டுவிட்டது. கரையிலிருந்து கூப்பாடு போட்டார்கள். நாலு பேர் மார்பளவுத் தண்ணீரில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார்கள். தங்கை வீட்டுக்காரர் மட்டும் பாதி தூரம் வந்தவர் திரும்பிப் போயிருக்கிறார். மாடுகளை வாழையடியில் கட்டிப் போட்டிருந்தார். கயிற்றை அறுத்து விட்டிருக்கிறார், ஏனென்றால் இரண்டு மாடுகளும் கீழே அரை மைல் தள்ளிக் கரையேறின. கழுத்தில் அறுத்த கயிறு தொங்கியது. அவரை மூன்றாம் நாள் நாணலுக்குள் கண்டெடுத்தார்கள்.

அதற்கு முன்பே, முதல் நாள் சாயங்காலமே, ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர்தான். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வருவது தெரியாதா, யாரையும் விசாரிக்காமலா இறங்கினார்கள் என்று கேட்டார். ஊர் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை எங்கே போய்க் கேட்பார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அன்று கேட்டாரா, என்ன பதில் வந்தது என்று அங்கே நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி தங்கை. நான் எழுந்து நின்றேன். சொல்லத்தான் எழுந்தேன் என்று நம்புகிறேன். அதற்குள் தங்கை பேசிவிட்டாள்.

"இந்தத் தடவை அவரு யாரையும் கேக்கலைங்க. ஆத்துல ஒண்ணும் வராது, பாத்துக்கலாம்னு எறங்கிட்டாரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். தப்பி வந்த நாலு பேரில் ஒருவர், அப்படியா, எங்களிடம் வந்து, கேட்டாச்சு என்றுதானே சொன்னான் என்று மெல்ல முனகினார். தங்கை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று. எனக்கு நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளை ஆற்றில் கிடக்கிறார், தங்கை தாலியோடு உட்கார்ந்து பொய் சொல்கிறாள், எனக்கு மூச்சு சீராக வந்தது.

காரியம் முடிந்த அன்று அவள் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீ சொன்னேன்னு அவரு வந்து சொன்னாரு. எனக்குத் தெரியும். அதை நீ எங்கயும் சொல்லக் கூடாது. உனக்கு வேலை போச்சுன்னா அம்மாவும் நானும் இந்தப் புள்ளையும் யார் வாசல்ல போய் நிக்கிறது?" என்றாள்.

அவள் அழவில்லை. கணக்குப் பார்த்துப் பேசினாள். எனக்கு இளையவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எவ்வளவு சுலபம்.

ஊருக்கு என்ன வந்தது? அது தன் பாட்டுக்குப் பேசிற்று. கேட்காமல் இறங்கினது மட்டும் இல்லாமல், கேட்டாச்சு என்று பொய் சொல்லி நாலு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான் என்று ஆயிற்று. உயிர் தப்பிய நாலு பேரின் பெண்டாட்டிகளும் தங்கையோடு முகம் கொடுத்துப் பேச ஒரு வருஷம் ஆயிற்று. பிறகு அது ஊரில் ஒரு வசனமாகவே நின்றுவிட்டது. பிள்ளைகள் ஆற்றுப் பக்கம் ஓடினால், "கேக்காம எறங்கினவன் கதை தெரியுமில்ல?" என்று அதட்டினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள், யாரோ ஒரு பையன் வீட்டில் சொல்லாமல் வேலையை விட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி அந்த வசனத்தைச் சொன்னாள். அவள் எந்த ஊரோ, அவரைப் பார்த்திருக்கவே மாட்டாள். என் ஸ்டாப்பிங் வருமுன்பே இறங்கி நடந்தேன்.

பங்குனிப் புழுதியிலும் கேட்டுவிட்டு இறங்கிய மனுஷனுக்கு இப்படி ஒரு பேர். அந்தப் பேரின் நிழலில்தான் நான் சம்பளம் வாங்கினேன், இன்கிரிமெண்ட் வாங்கினேன், ஒரு பிரமோஷனும் வாங்கினேன். பென்சில் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டார்கள். காரணத்தைச் சொல்ல முடியாதவள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். என் கட்டங்களை மட்டும் காலியாக விட்டு, வந்த மெமோக்களை வாங்கிக்கொண்டேன். அது பரிகாரம் என்று நினைக்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்டவர்களிடம், பேப்பர்ல பாத்துக்கங்க என்று வெடுக்கென்று சொல்ல ஆரம்பித்தேன். வயசாக ஆக சிடுசிடுப்பு ஏறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

குழந்தை ஆறாம் வகுப்புக்கு ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள், எங்களோடு தங்கிப் படித்தாள். தங்கை ஊரிலேயே இருந்து கரையில் மிஞ்சிய நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். திட்டை யாரும் பிறகு தொடவில்லை. அவர் திதிக்குத் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மா மண்டபத்தில் காரியத்தை முடித்து, வீட்டில் அவர் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டுப் படைப்போம்.

பெண்ணுக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது ஒரு திதி. அந்த ஐப்பசியிலும் ஆறு காய்ந்துதான் கிடந்தது. அவள் கற்பூரம் காட்டினாள். தட்டைக் கீழே வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தின வாரம் பள்ளிக்கூடத்தில் அவள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி எல்லோருக்கும் நடுவில் அந்த வசனத்தை எடுத்துவிட்டிருக்கிறாள், அது எனக்குப் பிறகுதான் தெரியும். அவள் அப்பாவின் போட்டோவைப் பார்த்தபடியே என்னிடம் பேசினாள்.

"பக்கத்துலயே நீங்க இருந்தீங்க. உங்களை ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இவருக்கு என்ன பெரியம்மா வந்துச்சு?"

என் அம்மா, பெத்த அப்பனை அப்படிப் பேசாதே என்று அதட்டினாள். அம்மாவுக்கும் உண்மை தெரியாது. நான் சமையலறைக்குள் போனேன். தங்கை அங்கே வடையை எடுத்துக்கொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள். இன்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன். வேலை போனால் போகட்டும், பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இனி யாரும் தோண்டப் போவதில்லை, அவர் பேரையாவது அவர் பெண்ணுக்கு முன்னால் நிமிர்த்தி வைக்கிறேன் என்றேன். தங்கை அடுப்பைத் தணித்தாள். ஜல்லிக்கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டி எண்ணெயை வடித்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். பத்து வருஷத்தில் அவள் தலை முக்கால்வாசி வெளுத்திருந்தது, என் தலை கறுப்பு.

"சொன்னா உனக்குப் பாரம் எறங்கும். அவளுக்கு? அப்பன்தான் இல்லை. பெரியம்மாவும் இல்லாமப் பண்ணிடாதே" என்றாள்.

"அவர் கேட்டுட்டுத்தானேடி போனாரு."

"கேட்டாருன்னு எனக்குத் தெரியும். அது போதும் அவருக்கு."

போதுமா என்று நான் கேட்கவில்லை. அவள் வடைத்தட்டை என் கையில் கொடுத்தாள். வெளியே கொண்டுபோய் இலையில் வைத்தேன். போட்டோவில் அவர் கல்யாணத்துக்கு எடுத்த படம், சட்டைக் காலர் பெரிதாக, ஒரு பக்கம் சாய்ந்த கிராப்போடு. அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் சுற்றினேன்.

பிறகும் சந்தர்ப்பங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் தங்கை சொன்னது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு வசதியானதும் அதுதான் என்பதால் அதை என்னால் நம்ப முடிந்ததில்லை.

அந்தப் பெண் வேறு மாதிரி வளர்ந்தாள். அப்பா மாதிரி ஆகக் கூடாது என்பது அவளுக்கு ஒரு வைராக்கியம். எதையும் கேட்காமல் செய்யமாட்டாள். சிநேகிதி வீட்டுக்குப் போவது, புடவைக்குக் கலர், காய்ச்சலுக்கு எந்த மாத்திரை, எல்லாம் என்னிடம் வரும். அம்மாவிடம்கூடக் கேட்கமாட்டாள், என்னிடம்தான். என் பதிலை அப்படியே எடுத்துக்கொள்வாள். தெரியாது என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். விடமாட்டாள், தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்பாள்.

எண்பதுகளின் கடைசியில், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், இரண்டு அப்ளிகேஷன்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்று நர்ஸிங், ஒன்று டீச்சர் டிரெய்னிங். எதை நிரப்பட்டும் என்று கேட்டாள். இது உன் வாழ்க்கை, உனக்கு எது பிடிக்கிறதோ அதைப் போடு, என்னைக் கேட்காதே என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, என் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்களே சொல்லுங்க பெரியம்மா. நீங்க சொன்னா தப்பாப் போகாது."